இரண்டாம் பிரதிவாதியை விட்டுவிட்ட நாள்

போன வாரம் என் மகள் கோர்ட்டிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ஒரு கேஸ்ல மூணாவது பிரதிவாதியை விட்டுட்டோம்மா. ரெண்டு வரி மெமோ. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு."

அவள் வக்கீலாகப் பதிவு செய்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் வண்டியில் போய் வருகிறாள். அந்த ரோட்டில் ஓடும் லாரிகளை நினைத்தால் எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. சாயங்காலமானால் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு அங்கேயே நிற்பேன். வண்டிச் சத்தம் கேட்டதும் ஏதோ வேலையாக நின்றவள்போல உள்ளே போய்விடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். ஆனால் அந்த "ரெண்டு வரி மெமோ" என்ற பேச்சு என்னோடு அடுப்படிக்கு வந்துவிட்டது. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திருப்ப மறந்து நின்றேன்.

"கருகுதும்மா" என்றாள் மகள்.

கண் கோளாறால் நான் தொழிலை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு யோசனை சொல்லும் வயதோ தகுதியோ எனக்கு வந்துவிட்டதாக நினைக்கவில்லை. பதினெட்டு வருடம் நின்று பேசியவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த இரண்டு வரி மெமோவைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது. சிவில் கோர்ட்டில் அதைவிடச் சுலபமாக எழுதக்கூடியது எதுவுமில்லை. 'வாதி இன்னாரை இவ்வழக்கிலிருந்து விட்டுவிடுகிறார்.' அதற்கு ஆட்சேபணை சொல்ல அநேகமாக யாரும் இருப்பதில்லை. விட்டுவிட்டால் சந்தோஷப்படத்தானே செய்வார்கள்? அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பொன்னுத்தாய் என் அலுவலகத்துக்கு வந்தார்.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வக்கீல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தோம். ஆண் வக்கீல்களிடம் போய்ச் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் எங்களைத் தேடி வருவார்கள். பொன்னுத்தாய் அப்படி வந்தவர் இல்லை. எந்த வக்கீல் வாய்தா வாங்காமல் வேலை பார்ப்பார் என்று பஸ் ஸ்டாண்டில் விசாரித்துக்கொண்டு வந்ததாக முதல் நாளே சொன்னார்.

"யாரு சொன்னது, நான் வாய்தா வாங்க மாட்டேன்னு?"

"டீக்கடையில. அந்தம்மாவுக்குச் சின்னப்புள்ள இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு வேலைய முடிச்சிரும்னாங்க."

அவருக்கு ஊர் சுந்தரபாண்டியம். புருஷன் இறந்துவிட்டார். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, அதுதான் பிழைப்பு. தோப்புக்குத் தண்ணீர் ஒரு பொதுக் கிணற்றிலிருந்து வந்தது. கிணற்றில் பாதிப் பங்கு பொன்னுத்தாய்க்கு, மீதிப் பாதி சுப்பையா என்பவருக்கு. சுப்பையா வேற்றாள் இல்லை. பொன்னுத்தாயின் நாத்தனார் குருவம்மாளின் கணவர். அதாவது, பொன்னுத்தாயின் புருஷனோடு கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர். ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை என்று சண்டையில்லாமல்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்தை ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் வாங்கினார். அவர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இல்லை. சுப்பையாவிடம் பேசி, அவருடைய முறைத் தண்ணீரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. பொதுக் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டு, பெரிய மோட்டாராக இறக்கிவிட்டார். அவர் முறை முடிந்து மறுநாள் காலையில் பொன்னுத்தாய் போய்ப் பார்த்தால் கிணற்றில் சேறுதான் இருக்கும். தென்னையில் குரும்பை உதிர ஆரம்பித்தது.

வியாபாரி மேல் மட்டும் வழக்குப் போடச் சொல்லித்தான் பொன்னுத்தாய் கேட்டார். நான்தான் சுப்பையாவையும் சேர்க்க வேண்டும் என்றேன். கிணற்றின் பாதிச் சொந்தக்காரரை வெளியே வைத்துவிட்டுக் கிணற்றைப் பற்றி வழக்காடினால், "அவரில்லாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். வழக்கே விழுந்துவிடும். இதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. வியாபாரி முதல் பிரதிவாதி, சுப்பையா இரண்டாம் பிரதிவாதி. இருவருக்கும் ஒரே வக்கீல் ஆஜரானார்.

முதல் வாய்தாவுக்குச் சுப்பையா வேட்டி சட்டையெல்லாம் வெளுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோர்ட் டவாலி வராந்தாவில் நின்று அவர் பெயரை மொட்டையாக மூன்று தடவை கூப்பிட்டார். ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் வேறு வழக்குக்காக அங்கே நின்றிருந்தார்கள். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்ததைப் பார்த்தேன். எனக்கு அது தினமும் கேட்கிற சத்தம். அவருக்கு அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. நல்லது கெட்டது எதுவும் கிடையாது. குருவம்மாள் மட்டும் யாருக்கும் தெரியாமல் தோப்பு வேலியோரமாக வந்து மதினியைப் பார்த்துவிட்டுப் போவாராம்.

இனி அந்த நாள்.

கோடை. காலையில் ராஜபாளையத்தில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து அலுவலகக் கதவைத் திறக்கப் போனால், படியில் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சப்பை. அன்று அவருக்கு வாய்தா இல்லை.

"வக்கீலம்மா, அவரு பேர எடுத்துருங்க."

"யார் பேர?"

"சுப்பையாத் தம்பி பேர. இன்னைக்கே எடுக்கணும். சாயந்தரத்துக்குள்ள."

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. குருவம்மாள் முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர், அங்கேயே சரிந்து விழுந்து இறந்துவிட்டார். தகவல் கேட்டதும் பொன்னுத்தாய் கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வத்திராயிருப்பிலுள்ள சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களில் சிலர் வெளியூர்க்காரர்கள். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும். அதைக் கோடி என்பார்கள். பிறந்த வீட்டுக் கோடி மேலே விழுந்த பிறகுதான் அவளைத் தூக்குவார்கள். குருவம்மாளுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே அண்ணன், பொன்னுத்தாயின் புருஷன், அவரும் போய்விட்டார். பிறந்த வீடு என்று உலகத்தில் மிச்சமிருந்தது பொன்னுத்தாய் மட்டும்தான்.

"வாசல்லயே மறிச்சுட்டாரும்மா. 'எம்பேரக் கோர்ட்டு வாசல்ல கூவ வச்ச வீட்டுக் கோடி எம்பொண்டாட்டி மேல விழாது'ன்னுட்டாரு. பெரிய ஆளுகள்லாம் சொல்லிப் பாத்தாக. கேக்கல. 'பேரு கோர்ட்டுல இருக்க வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டாரு. சரி, பேரு இல்லன்னா மிதிக்கலாம்லன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. நான் பஸ் ஏறிட்டேன்."

"எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

"வெயில் தாழ எடுப்பாக. அவரு பெரியப்பா மகன் திருப்பூர்ல இருந்து வரணும். அவரு வந்துட்டா எடுத்துருவாக."

பையைப் பிரித்துச் சேலையைக் காட்டினார். மயில்கழுத்து நிறம். சுமங்கலியாய்ப் போனவள் இல்லையா?

கதாசிரியர்கள் இந்த இடத்தில் மனம் உருகினேன் என்று எழுதுவார்கள். எனக்கு உருகவில்லை, பயம்தான் வந்தது. எதிரே இருப்பவர் துக்கத்தில் இருக்கிறார். துக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது நான் வைத்திருந்த கொள்கை. அதனால் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

"இங்க பாருங்க. சுப்பையாவ விட்டுட்டா, வியாபாரியோட வக்கீல் முதல் வேலையா என்ன சொல்வாரு தெரியுமா? கிணத்துல பாதிக்குச் சொந்தக்காரர் இல்லாம இந்தக் கேஸே செல்லாதும்பாரு. கேஸ் விழுந்துரும். தண்ணி போயிரும். தோப்பு போயிரும்."

"விழுந்துருமா, விழலாமா?"

"விழலாம்" என்றேன்.

"அப்பம் விழாமயும் இருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா நம்பிக்கையாச் சொல்ல முடியாது."

"வக்கீலம்மா, தோப்பு நாளைக்கும் இருக்கும், நாளக்கழிச்சும் இருக்கும். கருகுனாலும் கட்டையாவது நிக்கும். அவ சாயந்தரத்துக்கு மேல இருக்க மாட்டா."

சரி, எழுதுகிறேன் என்றேன். ஆனால் வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? காகிதத்தை எடுத்தேன். ஒருவரை வழக்கிலிருந்து விட்டுவிடும்போது இரண்டு விதமாக விடலாம். ஒன்று, அப்படியே விட்டுவிடுவது. அதற்குப் பிறகு அதே காரியத்துக்காக அவர் மேல் வழக்குப் போட முடியாது. இன்னொன்று, தேவைப்பட்டால் பின்னால் புதிதாக வழக்குப் போடும் உரிமையைக் கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு விடுவது. கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாள் போடாமல் வைப்பது மாதிரி. ஒரு கட்சிக்காரரின் நன்மையைப் பார்க்கிற எந்த வக்கீலும் இரண்டாவதைத்தான் எழுதுவார். நானும் எழுதினேன். எழுதியதைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அவசர நேரத்திலும் அதை நான் விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள்.

'...பின்னர் தேவை ஏற்படின் மேற்படி இரண்டாம் பிரதிவாதியின் பேரில் புதிதாக வழக்கிடும் உரிமையுடன்...' என்று படித்தபோது பொன்னுத்தாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குப் பாதுகாப்புக்கு. இன்னைக்கு விட்டுட்டாலும், நாளைக்கு அவர் ஏதாவது பண்ணினா மறுபடி கேஸ் போடலாம்."

"அப்ப விட்டது ஆகாதே."

"சட்டப்படி விட்டதுதான்."

"சட்டத்துக்கு விட்டதாயிருக்கும். அவளுக்கு விட்டதாகாது." சேலையைத் தடவினார். "ஒரு கைல கோடியையும் ஒரு கைல கத்தியையும் வச்சுக்கிட்டு எப்படிம்மா அவ முன்னால போயி நிப்பேன்? அந்த வரிய அடிச்சிருங்க."

"இன்னொரு தடவ யோசிச்சு..."

"அடிச்சிருங்க."

அடித்தேன். பேனா அந்த வரியின் மேல் ஓடும்போது, ஒருவருக்குச் சொந்தமான ஏதோ ஒன்றை நான் வெட்டுவதுபோல இருந்தது. பொன்னுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அவர் முகத்தை நான் அப்போது பார்த்த மாதிரி அதற்கு முன் யார் முகத்தையும் பார்த்ததில்லை. பெரிய கோயிலில் கர்ப்பகிருகத்துத் திரை விலகும்போது பேச்சு நின்றுபோகுமே, அப்படி இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வழக்கு அன்றைக்குப் பட்டியலில் இல்லை. தேதியை முன்னுக்குக் கொண்டுவர ஒரு மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு ஆட்சேபணை சொன்னால் இன்னொரு நாளைக்குத் தள்ளிவிடுவார்கள். மெமோவையும் மனுவையும் எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீலைத் தேடி ஓடினேன். வயதில் மூத்தவர். மூக்குப்பொடி போடுவார், போட்டுவிட்டு உடனே தும்மாமல், எதிராளி பேசும் நேரம் பார்த்துத் தும்முவார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வக்கீல்கள் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மெமோவைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"என்னம்மா இது, நீங்களே உங்க கேஸுக்குக் குழி தோண்டிக்கிட்டு வந்து மண்வெட்டிய என் கையில குடுக்குறீங்க?"

காரணத்தைச் சொன்னேன். பொடி டப்பாவைத் திறந்தவர் போடாமல் மூடினார்.

"சுப்பையா சம்சாரமா? எனக்கே தகவல் வரலியே." பேனாவை எடுத்தபடியே, "நான் பின்னால இத வச்சு வாதாடுவேன். அது என் தொழில். அதுக்காக என்னைத் திட்டக் கூடாது" என்றார்.

"திட்ட மாட்டேன்."

மனுவின் ஓரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கோர்ட் உட்கார்ந்ததும் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். நீதிபதி இளவயதுக்காரர், நிதானமானவர். வாதியை முன்னால் வரச் சொன்னார். பொன்னுத்தாய் மஞ்சப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இவரை விட்டுட்டா, இதே விஷயத்துக்காகத் திரும்ப அவர் மேல கேஸ் போட முடியாது. உங்க வக்கீல் சொன்னாங்களா?"

"சொன்னாகய்யா."

"உங்க கேஸுக்கே இதனால பாதகம் வரலாம். அது தெரியுமா?"

"தெரியும்யா."

"யாராவது உங்களக் கட்டாயப்படுத்துறாங்களா?"

"ஆமாய்யா."

கட்டாயம் என்று சொன்னால் அந்த மெமோவை நீதிபதி ஏற்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு?" என்றார் நீதிபதி.

"செத்துப்போனவதான்யா. வேற யாரு?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் வக்கீலுக்கு வாயைத் திறந்து ஏதாவது விளக்கத் தோன்றும். திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து நான் என் தொழிலில் சரியாக முடிவெடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. பொன்னுத்தாய் பேச வேண்டியதை அவரே பேசிவிட்டார். நான் அதன்மேல் ஒரு சொல் வைத்தாலும் அது குறைந்துதான் போயிருக்கும். நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்றார். கோர்ட்டில் அப்படி யாரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும்தான் அடுத்த சிக்கல் உறைத்தது. உத்தரவு எழுதியாகிவிட்டது, ஆனால் நகல் கைக்கு வர நாளாகும். கையில் காகிதம் இல்லாமல் பொன்னுத்தாய் போய்ச் சொன்னால் சாவு வீட்டில் யார் நம்புவார்கள்?

"நீங்க வாரீகளா?" என்று கேட்டார் பொன்னுத்தாய்.

விட்டுவிட்டு வந்த மகளைப் பக்கத்து வீட்டு அம்மாள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு ஓடியது. காலையில் அவளுக்கு லேசாகச் சளி வேறு. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே, "வாரேன்" என்று சொல்லிவிட்டேன். வத்திராயிருப்பு பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று யோசித்து நிற்கையில், பின்னாலிருந்து எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் கேட்டது.

"வண்டில ஏறுங்க. பின்கதவு வெளிய இருந்துதான் தொறக்கும், இருங்க, நான் தொறந்து விடுறேன்."

அவருடைய பழைய அம்பாசிடர். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினார்.

"இதுக்கு மேல நான் வந்தா நல்லாருக்காது. அவரு என் கட்சிக்காரர். நான் பேசி முடிச்சு வச்ச மாதிரி ஆயிரும். நீங்க போங்க."

கறுப்புக் கோட்டோடு அந்தத் தெருவில் நான் நடந்தபோது கொட்டுச் சத்தம் நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர், "சாவு வீட்டுக்கே சம்மனக் கொண்டாந்துட்டாகளா? செத்தவளையும் கூப்புடப் போறாகளோ?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் அவரை அதட்டினார்கள்.

சுப்பையா வாசலில் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே குருவம்மாளைக் குளிப்பாட்டி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். திருப்பூர்க்காரர் வந்துவிட்டார் என்பது நின்றுகொண்டிருந்தவர்களின் அவசரத்திலேயே தெரிந்தது. பொன்னுத்தாய் படிக்கு வெளியே நின்றுவிட்டார். நான் மட்டும் முன்னால் போனேன்.

"உங்க பேரை வழக்கிலிருந்து எடுத்தாச்சு. காலையில ஜட்ஜ் உத்தரவு போட்டுட்டார். நகல் வர நாளாகும். அதனால நானே சொல்ல வந்தேன்."

சுப்பையா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னைக்கு எடுக்குறத நாளைக்குப் போடலாம்ல? உங்களுக்கு என்ன, பேப்பரும் பேனாவும் கையிலயே இருக்கு" என்றார்.

சாவு வீட்டு வாசலில், நூறு பேர் முன்னால், அவர் கேட்டது சரியாக அந்த ஒரு வரியை. காலையில் நான் எழுதியபடியே அது இருந்திருந்தால், அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன்? 'போடலாம், ஆனால் போட மாட்டார்' என்றா? இல்லை, பொய் சொல்லியிருப்பேனா?

"போட முடியாது" என்றேன். "எப்பவும் போட முடியாது. போடுற உரிமைய வச்சுக்கலாம்னு நான் எழுதினேன். அவங்க அந்த வரிய அடிக்கச் சொல்லிட்டாங்க."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"என்னை விட்டுட்டா கேசு நிக்காதுன்னு எங்க வக்கீலு சொன்னாரே."

"நிக்காமப் போகலாம்."

"அது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஜட்ஜும் கேட்டார். தெரியும்னுதான் சொன்னாங்க."

அவர் எழுந்தார். எழும்போது துண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. படியில் வந்து நின்று, வெளியே நின்றவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு படிதான் இருந்தது.

"அக்கா, உள்ள வாங்க. அவ ரொம்ப நேரமாக் காத்துக்கெடக்கா."

பொன்னுத்தாய் உள்ளே போனார். கோடியை உதறி, குருவம்மாளின் தோளோடு சுற்றிப் போர்த்தி, முந்தானையை இழுத்து மடிப்பைச் சரி செய்தார். விசேஷத்துக்குப் புறப்படுகிற பெண்ணுக்குச் செய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் செய்தார். "மதினி வந்துட்டேன்டி" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அங்கே இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து அழுதார்கள்.

நான் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு மனுஷி தன் பிழைப்பையே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இறந்துபோனவளுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீடு திரும்ப இருட்டிவிட்டது. மகள் பக்கத்து வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். எதையோ பெரியதைப் பார்த்துவிட்டு வந்த படபடப்பு அடங்கவேயில்லை. இப்போது எழுதும்போதும் அது முழுக்க அடங்கியதாகச் சொல்ல முடியாது.

வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தோற்றோம். எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னதைச் செய்தார். கிணற்றின் பாதிச் சொந்தக்காரர் இல்லாத வழக்கு செல்லாது என்று ஒரு நாள் முழுக்க வாதாடினார். நன்றாகவே வாதாடினார். கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. சுப்பையா எங்களுக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. வியாபாரிக்குத் தன் முறைத் தண்ணீரைக் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கும் அதுதான் பிழைப்பு. பொன்னுத்தாயும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. நான் ஒரு தடவை, "போய்க் கேட்டுப் பாருங்களேன், இப்பத்தான் பேச்சு வார்த்தை இருக்கே" என்றேன். "அப்பம் நான் விட்டதுக்கு அது வெலயாயிரும்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கட்சிக்காரர் ஒருவரை விடச் சொல்லி வந்தால், அதனால் வழக்கு என்ன ஆகும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் விடச் சொன்னால், எவ்வளவு விடச் சொல்கிறாரோ அவ்வளவும் விடுங்கள். அவர் நன்மைக்காக என்று நீங்களாக ஒரு வரியைச் சேர்த்து வைத்தால், அவர் விட்டது, யாருக்காக விட்டாரோ அவரிடம் போய்ச் சேராது. இது சட்டப் புத்தகத்தில் இருக்காது. நான் அதை வத்திராயிருப்பில் ஒரு வாசற்படியில் நின்று தெரிந்துகொண்டேன்.

தீர்ப்பு வந்த அன்று பொன்னுத்தாயிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது.

"தோத்துட்டோம்" என்றேன்.

"அவரு இல்லாததுனாலயா?"

"ஆமா."

"சரி. அப்பீலு உண்டுல்ல?"

"உண்டு."

"அதுல அவரு பேரு போட வேண்டியது வருமா?"

"போடாமலும் போகலாம். ஆனா அவர் இல்லாததுதான் நம்ம தோத்ததுக்கே காரணம். அவர் இல்லாமலே இந்தக் கேஸ் நிக்கும்னு அங்க போய் நிரூபிக்கணும். கஷ்டம்."

"எம்புட்டுக் கஷ்டம்?"

"ரொம்பக் கஷ்டம்."

"கஷ்டந்தான. போடுங்க."

போட்டோம். சுப்பையாவின் முறைத் தண்ணீரை நாங்கள் கேட்கவில்லை, அளவுக்கு மீறி உறிஞ்சும் அந்தப் பெரிய மோட்டாரைத்தான் ஆட்சேபிக்கிறோம், அதற்கு அவர் தேவையில்லை என்று வாதாடினேன். வருடங்கள் ஆயின. தென்னையில் பாதி பட்டுப்போன பிறகு ஜெயித்தோம். அந்த அப்பீலின் முதல் பக்கத்தில், எதிர்த்தரப்பு என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.